ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: பழுதறியும் முறை

பழைய பெட்ரோல் கார் ஒன்று ஸ்டார்ட் ஆகாதபோது, பாகங்களை மாற்றத் தொடங்கும் முன் எந்த இடத்தில் தடை இருக்கிறது என்று வரிசையாகச் சோதித்துக் கண்டறிவதே பழுதறிதல் ஆகும். கார்புரேட்டரும் பாயிண்ட் வகைத் தீமூட்டலும் கொண்ட கார்களில் கணினியோ உணர்கருவிகளோ இல்லை. எனவே ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர், ஒரு பிளக் ஸ்பானர், ஒரு கண்ணாடிப் புட்டி ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலான பழுதுகளைக் கண்டுபிடித்துவிடலாம். தமிழ்நாட்டில் இன்றும் பரவலாகக் காணப்படும் பழைய காரான அம்பாசிடரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் வட்டாரத்தின் தட்பவெப்பத்தில் இக்கார்களுக்கு நேரும் சிக்கல்களையும் சேர்த்து இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை இதைத் தயாரித்தது. பல ஆண்டுகள் இதில் இருந்தது 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின். பிற்காலத்தில் டீசல் எஞ்சினும், 1990களில் இசுசு வடிவமைப்பிலான 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் வந்தன. மும்பையில் ஃபியட் 1100 காரின் வழியில் உருவான பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையும் இதே தலைமுறையைச் சேர்ந்தவை. உருவம் வேறானாலும் இவை ஸ்டார்ட் ஆகும் முறை ஏறத்தாழ ஒன்றே. எனவே கீழ்க்காணும் சோதனைகள் மூன்றுக்கும் பொருந்தும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு வண்டி ஆய்வுக்கு ஓடிவர வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் கார்கள் பழம்பெரும் வாகனங்களாகத் தனிப்பதிவு பெறலாம். ஆனால் பல கார்கள் அந்த வயதை எட்டும் முன்பே எடைக்குப் போய்விடுகின்றன. கொட்டகையில் நின்ற கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் "எஞ்சின் போய்விட்டது" என்று முடிவுகட்டுவது இதற்கு ஒரு காரணம். நின்றுபோன காரில் எஞ்சினே கெட்டிருப்பதைவிட, துருப்பிடித்த இணைப்போ, அழுக்கேறிய பாயிண்ட்டோ, அடைபட்ட ஜெட்டோ காரணமாக இருக்கும் வாய்ப்பே அதிகம். சரியான வரிசையில் சோதிப்பது செலவை மட்டுமல்லாமல் சில வேளைகளில் காரையே காப்பாற்றும்.

கரிசல் வட்டாரமும் காரும்

தூத்துக்குடி மாவட்டத்தில், மதுரை - திருநெல்வேலி நெடுஞ்சாலையில் அமைந்த நகரம் கோவில்பட்டி. எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் பக்கமெல்லாம் வானம் பார்த்த கரிசல் காடுகள். இந்நிலத்தின் இயல்பு மூன்று வகைகளில் பழைய கார்களைப் பாதிக்கிறது.

முதலாவது புழுதி. கரிசல் மண் களிமண் மிகுந்தது. காய்ந்தால் வெடித்து, மாவு போன்ற நுண்தூளாகிவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று இத்தூளை வாரி இறைக்கும். கயத்தாறு பகுதியில் காற்றாலைகள் நிற்பதற்கும் இக்காற்றே காரணம். காற்று வடிகட்டி, பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை, டிஸ்ட்ரிபியூட்டரின் உட்பகுதி என எங்கும் இத்தூள் படிகிறது.

இரண்டாவது வெயில். பேட்டரியின் நீர் விரைவாக வற்றுகிறது. ரப்பர் குழாய்கள் வெடிக்கின்றன. சூடான எஞ்சினை நிறுத்தி உடனே எடுக்கும்போது பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொள்கிறது.

மூன்றாவது ஐப்பசி, கார்த்திகை மழை. ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடந்த மின்பாகங்களில் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் இறங்குகிறது. தீப்பெட்டித் தொழிலில் பெயர்பெற்ற இவ்வூர்களில் இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். நமத்துப்போன தீக்குச்சியில் மருந்து இருந்தும் அது பற்றாது. ஈரம் இறங்கிய டிஸ்ட்ரிபியூட்டரிலும் மின்சாரம் இருக்கும். ஆனால் அது பிளக்கைச் சென்றடையாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும்.

அடிப்படை விதி

பெட்ரோல் எஞ்சின் ஓட நான்கு செயல்கள் நடக்க வேண்டும்.

1. செல்ஃப் மோட்டார் எஞ்சினைப் போதிய வேகத்தில் சுழற்ற வேண்டும்.
2. சரியான நேரத்தில் பிளக்கில் தீப்பொறி வர வேண்டும்.
3. பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து உள்ளே செல்ல வேண்டும்.
4. அக்கலவையை எஞ்சின் நன்றாக அழுத்த வேண்டும்.

சோதனையும் இந்த வரிசையிலேயே செல்வது நல்லது. செலவில்லாத சோதனை முதலில். எஞ்சினைப் பிரிக்கும் வேலை கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிளக், பாயிண்ட், காயில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி ஓடினாலும் எது பழுது என்பது தெரியாது. ஓடாவிட்டால் புதிதாகப் போட்டவற்றில் ஒன்றே பழுதா என்ற ஐயமும் சேர்ந்துகொள்ளும்.

பாதுகாப்பு

தீப்பொறிச் சோதனையும் பெட்ரோல் சோதனையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, ஆவி போன பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். கியர் நியூட்ரலில் இருப்பதும் ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதும் கட்டாயம். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அதன் அருகே நெருப்பு ஆகாது. பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. சிறிதளவு நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கே கேடாகலாம்.

முதல் படி: ஓசையைக் கேட்டல்

சாவியைத் திருப்பும்போது கேட்கும் ஓசையே பாதிப் பழுதைச் சொல்லிவிடும். முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒருவர் வெளியே நின்று பார்க்க, மற்றவர் செல்ஃப் அடிக்க வேண்டும்.

ஓசையே இல்லை, விளக்கும் மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. சாவி இணைப்பு, சொலனாய்டு, அவற்றுக்கிடையேயான ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

"டக்" என்ற ஓசையுடன் விளக்கு அணைந்துவிட்டால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது பேட்டரி முனையில் உப்புப் பூத்து இணைப்பு விட்டிருக்கிறது. விளக்கு நன்றாக மங்கியும் எஞ்சின் அசையவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரின் பல்சக்கரம் சிக்கியிருக்கலாம். சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் சிக்கு விடுபடுவதுண்டு.

மோட்டார் மட்டும் வேகமாகச் சுற்றி எஞ்சின் சுற்றாவிட்டால், பல்சக்கரம் ஃபிளைவீலைப் பிடிக்கவில்லை. எஞ்சின் இயல்பான வேகத்தில் சுற்றியும் பற்றவில்லை என்றால் இப்படி முடிந்தது. அடுத்த படிக்குச் செல்லலாம்.

நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதியளவே ஏறியிருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி வலுவிழந்திருக்கலாம் அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது எர்த் பட்டை. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் இடையே மின்சாரம் போக ஒரு பின்னல் பட்டை இணைக்கப்பட்டிருக்கும். அது துருப்பிடித்தாலோ அறுந்தாலோ, மின்சாரம் சோக் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி வழியாகப் பாயத் தொடங்கும். செல்ஃப் அடித்த பின் சோக் கம்பி சுட்டால் எர்த் பட்டையையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்துச் செல்ஃப் அடித்தால், அளவு 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

புதிய பேட்டரி வைக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1950களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே பாடியுடன் இணைக்கப்பட்டிருந்தது. பழைய இணைப்பு எப்படி இருந்தது என்று பார்க்காமல் மாற்றி இணைத்தால் மின்பாகங்கள் கெடும்.

இரண்டாம் படி: தீப்பொறி

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரைக் கழற்றி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, அதன் முனையை எஞ்சின் உடலிலிருந்து சுமார் 6 மி.மீ. தொலைவில் வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். கார்புரேட்டரிலிருந்து விலகிய இடமாக இருக்க வேண்டும். "சடக் சடக்" என்று நீலத் தீப்பொறி பாய்ந்தால் காயில், பாயிண்ட், கண்டன்சர் மூன்றும் வேலை செய்கின்றன. பொறி மஞ்சளாக, மெலிந்து வந்தால் கண்டன்சரோ காயிலோ வலுவிழந்திருக்கலாம்.

இங்கே நல்ல பொறி வந்தும் பிளக்கில் வராவிட்டால், பழுது மூடியிலோ ரோட்டரிலோ பிளக் ஒயரிலோ இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கறுப்புக்கோடு தெரிந்தால் அது விரிசல். மின்சாரம் அதன் வழியே கசியும். வெறும் ஈரம் என்றால் உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். மழைக்கால விடியற்காலையில் முரண்டுபிடித்து, வெயில் ஏறியதும் தானே ஸ்டார்ட் ஆகும் காரில் இதையே முதலில் பார்க்கலாம்.

காயிலிலிருந்தே பொறி வராவிட்டால், டெஸ்ட் லேம்பை காயிலுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இடையே செல்லும் மெல்லிய ஒயரின் முனையில் வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். அதன் பொருள் வருமாறு:

விளக்கு விட்டு விட்டு எரிந்தால், பாயிண்ட் திறந்து மூடுகிறது. காயிலையும் கண்டன்சரையும் சோதிக்க வேண்டும்.

விடாமல் எரிந்தால், பாயிண்ட் மூடவில்லை அல்லது அழுக்கால் தொடர்பு ஏற்படவில்லை.

எரியவே இல்லை என்றால், பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது காயிலுக்கே மின்சாரம் வரவில்லை.

மாதக்கணக்கில் நின்ற காரில் பாயிண்ட் முனைகளின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்திருக்கும். நுண்ணிய அரத்தாலோ உப்புத்தாளாலோ மெதுவாகத் தேய்த்து, தூள் போகத் துடைத்தால் போதும். அம்பாசிடரின் 1489 கன செ.மீ. எஞ்சினில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி ஏறத்தாழ 0.6 மி.மீ. இருக்க வேண்டும். பாயிண்ட்டைத் தள்ளும் ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து, ஒரு நாள் திறக்காமலே போய்விடும்.

பிளக் ஒயர்களைக் கழற்றினால் வரிசை மாறாமல் மாட்ட வேண்டும். தீமூட்டும் வரிசை 1, 3, 4, 2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். ஸ்டார்ட் செய்யும்போது கார்புரேட்டர் வழியே "படார்" என்று வெடித்தால், ஒயர் மாறியதோ டைமிங் நழுவியதோ காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் படி: பெட்ரோல்

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே இங்கு முதல் சோதனை. பலமுறை செல்ஃப் அடித்த பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் நாற்றம் அடித்தால் தேவைக்கு மேல் வந்திருக்கிறது. அப்படியானால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி சிறிது நேரம் செல்ஃப் அடிக்கலாம்; அல்லது பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்து மாட்டலாம்.

பெட்ரோல் வராதபோது, காயில் ஒயரைக் கழற்றிப் பொறி வராதபடி செய்துவிட்டு, கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றிப் புட்டிக்குள் விட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோல் பீய்ச்சினால் பம்ப் நன்றாக இருக்கிறது, அடைப்பு கார்புரேட்டரில். வராவிட்டால் பின்னோக்கிச் செல்ல வேண்டும்: பம்பின் டயாபிரம், வடிகட்டி, ரப்பர் குழாய், டேங்க். ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் கசியாமலேயே காற்றை உறிஞ்சி பம்பை வீணாக்கும். பழைய காரின் பெட்ரோல் முள்ளை நம்பாமல், டேங்கில் உண்மையிலேயே பெட்ரோல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை புழுதியால் அடைபட்டால், சிறிது தொலைவு ஓடிய பின் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால் அதுவே காரணம்.

கோடை நண்பகலில் நிறுத்திய வண்டி பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகாமல், அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆனால் அது ஆவி அடைப்பாக இருக்கலாம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் குளிர்வித்தால் சரியாகும். ஆனால் காயிலும் கண்டன்சரும்கூடச் சூட்டில் மட்டும் செயலிழப்பதுண்டு. எனவே வண்டி நின்ற அதே நேரத்தில் தீப்பொறியைச் சோதித்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். ஆறிய பின் சோதித்துப் பயனில்லை.

கார்புரேட்டரில் எஸ்.யு., சோலெக்ஸ் என்ற இரு வகைகளை இக்கார்களில் காணலாம். எஸ்.யு. வகையில் மேலேறி இறங்கும் பிஸ்டன் புழுதியாலோ பிசினாலோ சிக்கிக்கொள்ளும். விரலால் தூக்கிவிட்டால் தடையின்றி "டக்" என்று இறங்க வேண்டும். சோலெக்ஸ் வகையில் சிறு ஜெட்டுகள் அடைபடும். அவற்றைக் கம்பியால் குத்தாமல் காற்றால் ஊதியே சுத்தம் செய்ய வேண்டும். குத்தினால் துளை பெரிதாகி அளவு மாறிவிடும்.

இன்றைய பெட்ரோலும் ஒரு காரணியாகும். இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டை எட்டியது. பின்னர் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பரவலாயிற்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய வகை ரப்பரையும் கார்க்கையும் அது கெடுக்கும். டேங்கில் படிந்த பழைய பிசினைக் கரைத்து வடிகட்டிக்கு அனுப்பும். பழைய பம்ப் டயாபிரம், குழாய் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் பொருளால் ஆனவையாக மாற்றுவது நல்லது.

நான்காம் படி: அழுத்தம்

மேற்கண்ட மூன்றும் சரியாக இருந்தும் எஞ்சின் பற்றாவிட்டால் மட்டுமே அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். எல்லா பிளக்குகளையும் கழற்றி, காயில் ஒயரையும் விலக்கி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பது முறை. எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு முக்கியம். ஒன்று மட்டும் மிகக் குறைந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். நெடுநாள் நின்ற காரில் வால்வு சிக்கியிருப்பதும் உண்டு; எஞ்சினை முழுவதும் பிரிக்காமலேயே அதைச் சரிசெய்ய முடிவதும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு

எட்டயபுரம் சாலையோரக் கொட்டகையில் வைகாசி முதல் கார்த்திகை வரை நின்ற ஓர் அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சோம்பலாக அரைச்சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. "எஞ்சின் பிடித்துவிட்டது" என்று தோன்றும். வண்டியுடன் வந்த ஹேண்டிலை முன்னால் செருகிக் கையால் சுற்றினால் எளிதாகச் சுற்றுகிறது. ஆகவே எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. சோக் கம்பி சுடுகிறது. எர்த் பட்டையைச் சுரண்டி இறுக்கியதும் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. டெஸ்ட் லேம்ப் விடாமல் எரிகிறது: பாயிண்ட் அழுக்கு. தேய்த்துத் துடைத்ததும் நீலப்பொறி வருகிறது. பழைய பெட்ரோலை வடித்துப் புதியது ஊற்றியதும் வண்டி ஓடுகிறது. மூன்று சிறு பழுதுகள் சேர்ந்து ஒரு பெரிய பழுதாகத் தோன்றியிருக்கின்றன. முதல் பழுதை நீக்கியும் வண்டி ஓடவில்லையே என்று நிறுத்தியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

டீசல் கார்கள்

டீசல் அம்பாசிடரில் தீப்பொறியே கிடையாது. எனவே இரண்டாம் படிக்குப் பதிலாக ஹீட்டர் பிளக்குகள் சூடாகின்றனவா என்று பார்க்க வேண்டும். டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாது; ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

தடுப்பு முறைகள்

ஓடும் காரைவிட நிற்கும் காரே விரைவில் கெடுகிறது. இரு வாரத்துக்கு ஒருமுறையாவது காரை எடுத்து, எஞ்சின் முழுச் சூடு ஏறும்வரை ஓட்டினால் பேட்டரி ஏறும், பாயிண்ட் துலங்கும், ஈரம் வெளியேறும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுவது இதற்கு ஈடாகாது. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவைக்கலாம். காற்றுக்காலத்தில் காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்வதும், மழைக்காலத்துக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் ஒயர்களையும் துடைத்துப் பார்ப்பதும் இவ்வட்டாரத்தில் தவறாமல் செய்ய வேண்டியவை. கொட்டகையில் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று சாவியைத் திருப்பும் முன் பார்ப்பது தீ விபத்தைத் தவிர்க்கும்.

ஒவ்வொரு முறை பழுது பார்க்கும்போதும் என்ன அறிகுறி, எதைச் சோதித்தது, எது சரியானது என்று தேதியுடன் ஒரு நோட்டில் எழுதிவைப்பது பயன்தரும். அடுத்த முறை வண்டி நிற்கும்போது முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.